புதுப்பிப்பு: அந்த இரண்டு வாய் சீஸ் விவகாரம்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில், பாஸ்சரைஸ் செய்யாத (அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத) பாலில் செய்த மென்மையான சீஸை இரண்டு வாய் தின்றுவிட்டு இங்கே வந்து புலம்பினேனே, அதன் தொடர்ச்சி. பாஸ்சரைஸ் செய்யாதது என்பதை உறையின் மடிப்புக்குள் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள், தின்ற பிறகுதான் கண்ணில் பட்டது.

டாக்டரிடம் போனேன். காய்ச்சல், உடம்பு வலி எதுவும் இல்லாததால் பரிசோதனையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்றார். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒரு ஊசியாவது போட்டால் நிம்மதியாக இருந்திருக்கும்! லிஸ்டீரியா (இப்படிப்பட்ட சீஸில் இருக்கக்கூடிய, வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஆபத்தான கிருமி) தொற்றின் அறிகுறி தெரிய சில சமயம் 70 நாள்கூட ஆகலாம், அதனால் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே வரச் சொன்னார். இன்று 43வது நாள், தெர்மாமீட்டர் இன்னும் தலையணைக்கு அடியில்தான்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது, இந்தக் கிருமி அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும், நன்றாகச் சூடாக்கினால்தான் சாகும். அதனால் மீந்த சாப்பாட்டை இப்போது ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிடுகிறேன், நாக்கு வெந்ததுதான் மிச்சம். குழந்தை நன்றாக உதைக்கிறது.