ஜெல்லிஃபின் 10.9-லிருந்து 10.11-க்கு: மேம்படுத்தும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

நுண்சில்லு (கேள்வி):

வணக்கம். டெபியன் இயங்குதளத்தில் டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வழியாக வீட்டு மீடியா சர்வரான ஜெல்லிஃபின் 10.9.11 ஓடுகிறது. இன்டெல் என்100, 8 ஜிபி ராம். படங்கள் என்ஏஎஸ்-இல் (நெட்வொர்க் சேமிப்பகம்) இருக்கின்றன. கான்ஃபிக் ஃபோல்டரும் (அமைப்புகளும் தரவுத்தளமும் இருப்பது) அதே என்ஏஎஸ்-இல்தான், என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை) வழியாக மவுன்ட் ஆகிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்காக முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி சர்வருக்கு அனுப்பும் இடைநிலை சர்வர்). டாக்கர் இமேஜுக்கு (கன்டெய்னரை உருவாக்கும் மென்பொருள் தொகுப்பு) 'லேட்டஸ்ட்' டேக், அதாவது பதிப்பு எண்ணுக்குப் பதில் எப்போதும் புதியதைக் குறிக்கும் பெயர்.

10.11-க்குப் போக விரும்புவது இரண்டு வசதிகளுக்காக: தொடர்களின் தொடக்க இசையைத் தாண்டும் பொத்தான், படத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்போது தெரியும் சிறுபடங்கள் (டிரிக்பிளே). நேராகப் புதிய இமேஜை இழுத்துவிட்டால் போதுமா? சரிவரவில்லை என்றால் பழைய இமேஜுக்குத் திரும்ப முடியுமா?

கொள்கலன்:

இழுத்துவிடாதீர்கள். திரும்பும் வழி இமேஜில் இல்லை, உங்கள் கான்ஃபிக் ஃபோல்டரின் நகலில்தான் இருக்கிறது.

10.11-இல் பெரிய மாற்றம் திரையில் தெரிவது அல்ல, தரவுத்தளத்தில் நடந்தது. அதுவரை நூலக விவரங்கள் லைப்ரரி.டிபி என்ற தனிக் கோப்பில் இருந்தன. 10.11 முதன்முறை எழும்போது அவை அனைத்தையும் ஜெல்லிஃபின்.டிபி-க்குள் புதிய அமைப்பில் மாற்றி எழுதுகிறது. பழைய பதிப்புக்கு அந்த அமைப்பைப் படிக்கத் தெரியாது. டேக்கை மட்டும் 10.10 என்று மாற்றினால் சர்வர் எழாது, அல்லது எழுந்து தரவைக் குலைக்கும்.

அதைவிட அவசரமான விஷயம் உங்கள் என்எஃப்எஸ் மவுன்ட். ஜெல்லிஃபின் பயன்படுத்துவது எஸ்க்யூலைட் என்ற, கோப்பாகவே இருக்கும் தரவுத்தளம். கோப்புப் பூட்டு ஒழுங்காக வேலை செய்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. நெட்வொர்க் மவுன்ட்டில் அதை நம்ப முடியாது. இதுவரை தப்பித்திருக்கலாம். ஆனால் லட்சக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் மாற்றி எழுதும் வேலையை அதன்மேல் நடத்தக் கூடாது. படங்கள் என்ஏஎஸ்-இலேயே இருக்கட்டும், அதில் தவறில்லை. கான்ஃபிக் மட்டும் உள்ளூர் எஸ்எஸ்டி-க்கு வரவேண்டும்.

நான் சொல்லும் வரிசை:

முதலில் கன்டெய்னரை நிறுத்துங்கள். ஓடும்போது நகலெடுத்தால் டிபி கோப்பும் அதன் பக்கத்திலுள்ள 'வால்' (WAL, இன்னும் டிபி-யில் சேராத மாற்றங்கள் இருக்கும்) கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். நிறுத்தியபின் கான்ஃபிக் ஃபோல்டர் முழுவதையும், கோப்பு உரிமையாளர் விவரம் மாறாமல், எஸ்எஸ்டி-க்கு நகலெடுங்கள். கன்டெய்னருக்குள் தெரியும் பாதைகள் பழையபடியே இருக்க வேண்டும்: கான்ஃபிக் பாதையும் சரி, படங்களின் பாதையும் சரி. தரவுத்தளத்தில் முழுப் பாதைகளே பதிந்திருக்கின்றன. படங்களின் பாதை மாறினால் எல்லாம் 'புதிய' படங்களாகிவிடும்.

பிறகு டேக்கை 10.10.7 என்று எண்ணோடு எழுதி எழுப்புங்கள். 'லேட்டஸ்ட்' டேக்கை இனி மறந்துவிடுங்கள். 10.10.7-இல் ஒருமுறை முழு ஸ்கேன் முடியட்டும். வெளியார் தந்த பிளகின்களை (கூடுதல் வசதி தரும் செருகு நிரல்கள்) நீக்குங்கள், 10.10-க்காகக் கட்டப்பட்டவை 10.11-இல் ஓடாது, எழும் நேரத்திலேயே தொல்லை தரும். மீண்டும் நிறுத்தி இன்னொரு நகல் எடுங்கள். திரும்ப வேண்டியிருந்தால் கைகொடுப்பது இந்த நகலும் 10.10.7 டேக்கும் சேர்ந்துதான்.

அதன்பிறகே 10.11. காலி இடம் குறைந்தது 2 ஜிபி இல்லாவிட்டால் சர்வர் எழவே மறுக்கும். அது வெறும் வாசல் சோதனை. மாற்றத்தின்போது பழைய கோப்பும் புதிய கோப்பும் சேர்ந்தே வட்டில் இருக்கும் என்பதால், லைப்ரரி.டிபி-யின் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஒதுக்குங்கள்.

மாற்றம் சில நிமிடங்களிலும் முடியலாம், பெரிய நூலகத்தில் மணிக்கணக்கிலும் போகலாம். அந்த நேரம் முழுவதும் உலாவியில் வழக்கமான பக்கத்துக்குப் பதில் 'சர்வர் எழுகிறது' என்ற பக்கமே தெரியும். பலர் தவறுவது இங்கேதான்: தொங்கிவிட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்கிறார்கள். டாக்கரின் ஹெல்த் செக் (சர்வர் பதிலளிக்கிறதா என்ற சோதனை) தோற்றவுடன் கன்டெய்னரைத் தானாகக் கொன்று எழுப்பும் கருவி ஏதாவது வைத்திருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். லாக் (சர்வர் எழுதும் பதிவேடு) நகர்ந்துகொண்டிருக்கும்வரை தொடாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் அந்தப் பாதித் தரவுத்தளத்தைச் சரிசெய்ய முயலாமல், நகலிலிருந்து மறுபடி தொடங்குவதே நல்லது.

10.11-இல் டாஷ்போர்டிலேயே பேக்கப் வசதி வந்துவிட்டது, நல்ல சேர்ப்பு. ஆனால் இந்த மேம்படுத்தலுக்கு அது உதவாது, 10.10-இல் அது இல்லை.

படச்சுருள்:

கொள்கலன் சொன்னதோடு முழுதாக ஒத்துப்போகிறேன். நீங்கள் கேட்ட இரண்டு வசதிகளைப் பற்றி:

தாண்டும் பொத்தானுக்குத் தேவையான 'மீடியா செக்மென்ட்' 10.10-லேயே வந்துவிட்டது. ஆனால் சர்வர் தருவது தொடக்கம், முடிவு, முன்கதை போன்ற பகுதிகளைப் பதிந்து வைக்கும் இடத்தை மட்டுமே. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது பிளகினின் வேலை. கோப்புகளில் 'இன்ட்ரோ' என்ற பெயரில் அத்தியாயக் குறிகள் ஏற்கெனவே இருந்தால் சாப்டர் செக்மென்ட் பிளகின் போதும், நொடியில் முடியும். இல்லையென்றால் இன்ட்ரோ ஸ்கிப்பர். அது ஒரு சீசனின் எபிசோடுகளின் ஒலியை ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தேடுகிறது. அதனால் சீசனில் ஒரே எபிசோடு இருந்தால் எதுவும் கிடைக்காது. கதைக்காட்சி முடிந்து வெகுநேரம் கழித்துத் தொடக்க இசை வரும் தொடர்களிலும் தவறும்: இயல்பாக அது பார்ப்பது எபிசோடின் முதல் 25 சதவீதம் அல்லது 10 நிமிடம், எது குறைவோ அது. பிளகின் பதிப்பு சர்வர் பதிப்போடு பொருந்த வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு பயனரின் பிளேபேக் அமைப்பிலும் 'கேட்டுத் தாண்டு' அல்லது 'தாண்டு' என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பாதிப் புகார்களுக்கு இதுவே காரணம்.

டிரிக்பிளே உங்கள் 10.9-லேயே இருக்கிறது, நூலக அமைப்பில் இயக்கினால் போதும். ஆனால் 10.10 வரை பொறுங்கள். கீ ஃபிரேம்களிலிருந்து (வீடியோவில் இடையிடையே முழுமையாகச் சேமிக்கப்படும் காட்சிகள்) மட்டும் சிறுபடம் எடுக்கும் தேர்வு அதில்தான் வந்தது, வேகம் பல மடங்கு கூடும். சிறுபடம் சில நொடி முன்பின்னாக இருக்கலாம். தேடி நிறுத்துவதற்கு அது பெரிய குறையல்ல.

இயல்பு அமைப்பு 10 விநாடிக்கு ஒரு சிறுபடம், 320 பிக்சல் அகலம், ஒரு தாளில் (சிறுபடங்களை அடுக்கிய ஒரே படக் கோப்பு) 10-க்கு 10. அதாவது 2 மணி நேரப் படத்துக்கு 720 சிறுபடங்கள், 8 தாள்கள். மொத்த இடத்தை ஊகிக்காதீர்கள்: 10 படங்கள் மட்டும் உள்ள நூலகத்தில் ஓட்டி, ஃபோல்டரை அளந்து பெருக்குங்கள். எஸ்எஸ்டி-யில் இடமில்லை என்றால் படத்தின் பக்கத்திலேயே சேமிக்கும் தேர்வும் 10.10-இல் உண்டு. அதற்கு என்ஏஎஸ் மவுன்ட்டில் எழுதும் அனுமதி வேண்டும்.

என்100 பற்றி ஒன்று. அதன் சில்லு ஏவி1 என்ற வீடியோ வடிவத்தைப் படித்துக் காட்டும் (டிகோட்), ஆனால் ஏவி1-ஆக எழுதாது (என்கோட்). 'ஏவி1 வடிவில் என்கோட் செய்ய அனுமதி' என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். எச்இவிசி என்ற வடிவம் போதும்.

நுண்சில்லு:

மிக்க நன்றி. கான்ஃபிக்கை நகர்த்தியாயிற்று, 10.10.7 ஓடுகிறது. இப்போது டாஷ்போர்டில் வெளியிலிருந்து வருபவர்கள் எல்லோரும் ஒரே உள்ளூர் ஐபி-யில் தெரிகிறார்கள். அவர்களுக்கு வைத்திருந்த பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) வரம்பும் வேலை செய்யவில்லை.

கொள்கலன்:

அது பழுதல்ல, 10.10.7-இல் செய்த பாதுகாப்பு மாற்றம். வருபவரின் உண்மையான ஐபி-யைச் சொல்ல ப்ராக்ஸி அனுப்பும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பை யார் அனுப்பினாலும் நம்பிய பழக்கம் நிறுத்தப்பட்டது. டாஷ்போர்டில் நெட்வொர்க்கிங் பக்கம் போய், 'நோன் ப்ராக்ஸிஸ்' கட்டத்தில் ப்ராக்ஸியின் ஐபி-யை எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ப்ராக்ஸியும் கன்டெய்னராக இருந்தால் டாக்கர் நெட்வொர்க்கில் அதற்குள்ள ஐபி, அதுவும் நிலையானதாக. இதைச் சரிசெய்யாமல் வெளியே திறந்து வைக்காதீர்கள். இப்போது உங்கள் சர்வருக்கு எல்லோருமே வீட்டுக்குள் இருப்பவர்கள்.

10.11 போனபின் ஸ்கேன் நேரத்தில் 'டேட்டாபேஸ் லாக்ட்' என்று லாக்கில் வந்தால், ஒரே நேரத்தில் ஓடும் ஸ்கேன் பணிகளின் வரம்பை 1 ஆக்கிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கான்ஃபிக்கில் டேட்டாபேஸ்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, பூட்டு முறையை 'நோலாக்' என்பதிலிருந்து 'ஆப்டிமிஸ்டிக்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'பெசிமிஸ்டிக்' அதற்கும் அடுத்தது. வேகம் குறையும், ஆகவே கடைசியில்தான்.