'புல்லிங் யுவர் லெக்': காலை வாருவது வேறு

செங்காங், தமிழாசிரியை:
'ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால், பிள்ளைகள் தயங்காமல் 'நான் உன் காலை வாரிவிட்டேன்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் விளையாட்டுக்குப் பொய் சொன்னவர், தமிழுக்கு வந்ததும் துரோகியாகிவிடுகிறார். பேச்சில் கிண்டலுக்கும் 'காலை வாராதே' என்பதுண்டு. ஆனால் 'விட்டேன்' ஒட்டிக்கொண்டால் நம்பினவரைக் கவிழ்த்தது என்றுதான் பொருள். அந்த ஒரு துணைவினையைத்தான் வகுப்பில் முதலில் காட்ட வேண்டும்.

ஜூரோங், சைட் சூப்பர்வைசர்:
டீச்சர் சொல்வது வேலையிடத்திலும் நடக்கிறது. காலைக் கூட்டத்தில் ஃபோர்மேன் முகத்தை இறுக்கிக்கொண்டு "ஞாயிறு லீவு இல்லை" என்பார். பிறகு சிரித்து, "புல்லிங் யுவர் லெக் லா". ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிக்கு முதல் பாதி மட்டும்தான் மனசில் நிற்கும். மொழிபெயர்த்துச் சொல்பவர் "வெளையாட்டுக்குச் சொன்னாருப்பா" என்பதோடு நிறுத்தக் கூடாது. "ஞாயிறு லீவு இருக்கு" என்பதையும் சேர்த்துச் சொல்லணும். இல்லாவிட்டால் எது பொய், எது நிஜம் என்று தெரியாமலே அவர் லாரி ஏறிவிடுவார்.

ஈசூன், மொழிபெயர்ப்பாளர்:
யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். பொய் சொன்னவரே சொன்னால் 'சும்மா சொன்னேன்'. கேட்டவர் சந்தேகப்பட்டு 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' என்றால் 'யாருக்குக் காது குத்துறே?', இல்லையென்றால் 'காதுல பூ சுத்தாதே'. ஆங்கிலத்துக்குக் கால், நமக்குக் காது. இதையே மேலதிகாரியிடமோ மாமாவிடமோ சொன்னால் மரியாதைக் குறைவு. அங்கே 'நிஜமாவா சொல்றீங்க, விளையாடுறீங்களா?' போதும்.

'கலாய்த்தேன்' என்று போடுவதும் முழுதாகப் பொருந்தாது. ஒருவரின் வழுக்கையைக் கிண்டல் செய்வது கலாய்ப்பது; அதில் பொய்யே இல்லை. லெக் புல்லிங்குக்கு ஒரு பொய் வேண்டும், அதை எதிராளி கொஞ்ச நேரமாவது நம்பவும் வேண்டும். 'மெர்லயனை அடுத்த மாசம் சாங்கிக்கு மாத்துறாங்களாம்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி நம்பத் தோன்றும், ஏனென்றால் எஸ்பிளனேட் பாலம் மறைத்ததால் 2002ல் நம் சிங்கப்பூரின் அந்தச் சிங்கத்தலை மீன் சிலையை நிஜமாகவே 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். நல்ல லெக் புல்லிங்கில் இப்படி ஒரு துளி உண்மை கலந்திருக்கும்.

தோ பாயோ:
தூக்கில் தொங்கியவர் சீக்கிரம் உயிர்விட உறவினர்கள் காலை இழுத்தார்கள், அதிலிருந்து இந்தத் தொடர் வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆதாரம் கிடையாது. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் லண்டன் டைபர்னில் தூக்கு 1783லேயே நின்றுவிட்டது. இந்தத் தொடரோ எழுத்தில் தென்படுவது 19ஆம் நூற்றாண்டில்தான்.

செங்காங், தமிழாசிரியை:
நன்றி அண்ணே. இன்னொன்று: ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது 'லெக்' ஒருமைதான். 'மை லெக்ஸ்' என்று எழுதினால் யாரோ நிஜமாகவே காலைப் பிடித்து இழுப்பதாகிவிடும். பிரிட்டிஷ்காரர்கள் 'புல் தி அதர் ஒன், இட்ஸ் காட் பெல்ஸ் ஆன்' என்று பதில் சொல்வார்கள். மற்றக் காலை இழு, அதில் மணி கட்டியிருக்கு என்று. அதற்குத் தமிழில் மணியெல்லாம் வேண்டாம். 'போய் வேற ஆளைப் பாரு' சரியாக உட்காரும்.