வைஃபை போட்டால் லேப்டாப் உறைந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஓடுகிறது. வைஃபையில் பெரிய ஃபைல் ஏதாவது இறங்கத் தொடங்கினால் போதும், திரை அப்படியே நின்றுவிடுகிறது, மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்குகூட மாறாது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. கேபிளில் இணைத்தால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது, அதனால் ரேம் மேல் எனக்குச் சந்தேகமில்லை. வைஃபையின் பவர் சேவிங்கை அணைத்தாயிற்று, கார்டைக் கழற்றி மாட்டியும் பார்த்தாயிற்று. உறைந்த முறை ஓடியபோது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிய லாகிலும், அதாவது பதிவுக் குறிப்பிலும், ஒன்றும் இல்லை, உறையும் நொடியில் டிஸ்கில் எழுத நேரம் கிடைப்பதில்லை போல. அடுத்து கிரப்பில் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்) பிசிஐஇ ஏஎஸ்பிஎம்மை (கார்டு மாட்டும் இணைப்பின் மின்சேமிப்பு வசதி) அணைக்கலாமா, இல்லை பழைய கெர்னலுக்குப் போகலாமா? கார்டையே மாற்றலாம் என்றால், சில லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) வேறு கார்டை ஏற்காது என்பதுதான் பயம். மகளின் ஆன்லைன் வகுப்பு இதில்தான் நடக்கிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.