1978-க்கு முந்தைய அச்சைக் கணினி சரியாகப் படிக்க வழி தெரிந்தவர்கள் உதவவும்

மதுரையில் வீட்டிலிருந்தே பழைய நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறேன். போன ஆண்டு வரை பக்கக் கணக்கில் கூலி. இப்போது பதிப்பகம் செயற்கை நுண்ணறிவு படித்துக் கொடுத்த கோப்பை அனுப்பி, "பிழை மட்டும் பாருங்கள்" என்கிறது. கூலி பாதி. ஆனால் திருத்துவதற்கு, புதிதாக அடிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

சிக்கல் இதுதான்: எல்லாமே 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. யானைத் துதிக்கை போல வளையும் பழைய லை, னை, ஒட்டி எழுதிய றா, னா எல்லாம் வேறு எழுத்தாகிவிடுகின்றன. துணைக்கால் ரகரமாகவும் ரகரம் துணைக்காலாகவும் மாறிவிடுகின்றன.

படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் 5 மென்பொருளை, தமிழுக்கெனப் பயிற்றுவித்த அதன் மாதிரியோடு (model) ஓட்டிப் பார்த்தேன். ஸ்கேனின் துல்லியத்தை 300 டிபிஐயிலிருந்து 600 ஆக்கினேன், கறுப்பு வெள்ளையாக்கினேன். பெரிய பலனில்லை. அப்புறம் ஒரு சாட்பாட்டிடம் பக்கத்தின் படத்தைக் கொடுத்தேன். சரளமாகத்தான் வந்தது, ஆனால் மூலத்தில் 'வந்தனை' என்ற பழைய வினை வடிவம் இருந்ததை இன்றைய 'வந்தாய்' ஆக்கியிருந்தது. எழுத்துப் பிழையாவது கண்ணில் படும். இப்படி மாறினால் வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் பிடிபடும். நூலாசிரியரின் சொல்லையே மாற்றிய பக்கத்தை அச்சுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

இந்தப் பழைய எழுத்துகளுக்கென்றே பயிற்றுவித்த டெசராக்ட் மாதிரி யாரிடமாவது இருக்கிறதா?