பொருள்: மறு: என்-ரேமுக்குத் தமிழ்ப்பெயர்: "தற்காலிக நினைவகம்" பொருந்தாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

என்-ரேம் என்பது கார்பன் குழல்களால் ஆன ஒரு வகை ரேம், அதாவது கணினி நினைவகம். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ரேமுக்குத் தற்காலிக நினைவகம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதனால் என்-ரேமைக் கரிம நுண்குழாய்த் தற்காலிக நினைவகம் எனலாமே?

வேண்டாம் ஐயா. படிப்பவரைத் தடம் மாற்றிவிடும்.

பெரிய சிக்கல் "தற்காலிகம்". கணினிகளில் வழக்கமாக இருக்கும் ரேம் வகையான டி-ரேமில் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) ஒரு சின்ன மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். இதைப் பார்த்துத்தான் தற்காலிகம் என்றோம். ஆனால் ரேம் என்ற பெயர் சொல்வது அணுகும் முறையை மட்டுமே: எந்த இடத்தையும் வரிசை பாராமல் நேராக எட்டலாம் என்பதை. பாடநூலில் வரும் "குறிப்பிலா அணுகல்" அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

நேன்டெரோ நிறுவனம் உருவாக்கிய என்-ரேமில் மின்னூட்டத்துக்கு வேலையே இல்லை. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கார்பன் குழல்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்றையொன்று தொடும், மின்தடை குறையும், அது 1. வேறொரு மின்துடிப்பில் அதிர்ந்து விலகும், தடை கூடும்; அது 0. தொட்டவற்றை வான் டெர் வால்ஸ் விசை (மிக நெருங்கிய பொருள்களுக்கிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு) பிடித்துக்கொள்கிறது. விலகியவற்றை அவற்றின் விறைப்பே விலக்கி வைக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் நிலை மாறாது. இதைப் போய்த் தற்காலிகம் என்றால் அதன் தனிச்சிறப்பையே மறுத்ததாகிவிடும்.

> அப்படியானால் "அழியா நினைவகம்"?

நாமே அழித்து எழுதத்தானே இது இருக்கிறது! அழியா என்றால் ஒருமுறை எழுதினால் அவ்வளவுதான் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என் பரிந்துரை "மறவா நினைவகம்". நினைவோடு இயல்பாகச் சேர்வது மறதிதான். டி-ரேம் "மறக்கும் நினைவகம்" ஆகும்; பென்டிரைவில் இருக்கும் ஃபிளாஷும் என்-ரேமும் மறவா வகைக்குள் வரும்.

அப்புறம், "நுண்குழாய்" ஏற்கெனவே தந்துகிக் குழாயைக் குறிக்கிறது. நுண்செயலி, நுண்ணோக்கி என்று "நுண்" மைக்ரோ பக்கம் போய்விட்டது. ஒன்றிரண்டு நானோமீட்டர் விட்டமுள்ள குழலுக்கு "நானோ" என்றே வைத்துக்கொள்ளலாம். "கரிம" என்றால் கரிம வேதியியல் நினைவுக்கு வரும். அதனால் கார்பன் இருக்கட்டும்.

ஆக, கார்பன் நானோகுழல் மறவா நினைவகம். நீளம்தான், பேச்சில் "குழல் நினைவகம்" என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று பாக்கி. அந்தக் குழல் பரப்பை ஆங்கிலத்தில் ஃபேப்ரிக் என்கிறார்கள். துணி என்றால் நெய்தது, பின்னல் என்றால் ஒழுங்கு உண்டு. இதுவோ அமுக்கிவைத்த தேங்காய் நார் மாதிரி, எது எங்கே போகிறதென்று தெரியாது. "சிடுக்குப் படலம்" என்று எழுதிப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. பொருளறிவியல் படித்தவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருந்தால் தாருங்கள், சொற்பட்டியலில் அதையே சேர்த்துவிடலாம்.

அன்புடன்