மறு: இந்த வருஷம் ஊர் முந்திரி ஏன் வரவில்லை?

எல்லாருக்கும் வணக்கம்.

"வழக்கமா வைகாசிக்குள்ள ஊர் முந்திரிப் பயிறு வந்துடும், இந்த வருஷம் ஏன் ஒருத்தரும் அனுப்பல? மழைதான் நல்லாப் பெஞ்சுதே?" என்று மஸ்கட் அண்ணன் கேட்டிருந்தார். அதற்குச் சிங்கப்பூர் சித்தப்பா, "ஊர்ல எவன் காட்டுக்குப் போறான், எல்லாம் செல்போனோட திண்ணையில உக்காந்திருக்கான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சித்தப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது. தைப்பூசத்துக்கு வடலூர் போன கையோடு நான் பதினைந்து நாள் வீட்டில் இருந்தேன். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

மழை பெய்தது நிஜம்தான் அண்ணே. பெய்ய வேண்டாத நாளில் பெய்தது.

மேட்டுக்காட்டில் அப்பா ஒரு பூங்கொத்தை வளைத்துப் பிடித்துக் காட்டினார். தூரத்தில் பார்த்தால் மரம் கொள்ளாத பூ. கிட்டே போனால் காம்பெல்லாம் கறுத்து, அங்கங்கே பிசின் துளித்துளியாக நிற்கிறது. விரலால் லேசாகத் தட்டினேன், மொத்தமும் பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டிக்கொண்டது. "இதுல நாலு கொட்டை நின்னாலே பெரிசு" என்றார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை, அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

முந்திரி மார்கழி, தையில் பூக்கத் தொடங்கும். அப்போது அதற்கு வேண்டியது மழையில்லாத காய்ந்த நாள்தான், பகலில் நல்ல வெயில் அடிக்கணும். மழை பிடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும், தேனீயும் ஈயும் வெளியே வராது. மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; அதன் பின்னாலேயே நாலைந்து நாள் மூட்டம் போட்டு நிற்கிறதே, அதுதான் வினை. தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி. பெயரில் தேயிலை இருந்தாலும் முந்திரிக்கும் அதுதான் எமன். கொழுந்திலும் பூக்காம்பிலும் சாற்றை உறிஞ்சும், உறிஞ்சிய இடம் கருகும், அந்தப் புண் வழியாகப் பூஞ்சணமும் ஏறும். மருந்து அடிக்கலாம். ஆனால் அடித்த அன்று ராத்திரியே தூறல் போட்டால் காசு மண்ணோடு போச்சு. அப்பாவுக்கு இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று.

அதே மழை பள்ளத்து நெல்லையும் விடவில்லை. "தை மழை தவிட்டுக்கும் ஆகாது" என்று பாட்டி சொல்லும், அந்தக் காலத்தில் அது எப்போதோ ஒரு வருஷத்துப் பேச்சு. 2021 பொங்கல் வாரம் நினைவிருக்கிறதா? அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டது. ஆவணியில் விதைத்த நீண்ட காலப் பயிர் சரியாகத் தையில்தான் முற்றி நிற்கும். வெள்ளம் தாங்கும் நெல் ரகம் சி.ஆர்.1009 சப்-1 இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அது இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை முழுகினாலும் தாங்கும், உண்மைதான். கதிர் முற்றிச் சாய்ந்த பிறகு அந்தக் குணம் எதற்கு உதவும்?

சாய்ந்ததை அறுக்க டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு வாடகையும் கூட, காத்திருப்பும் கூட. அறுத்த பிறகு இன்னொரு வேதனை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கணும். அம்மா ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிக்கும், 'டக்'கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் மறுபடி சாக்கை அவிழ்த்துத் தார் ரோட்டில் கொட்டணும். மூன்று நாள் கொட்டி அள்ளினோம். இரண்டாம் நாள் மத்தியானம் வானம் இருட்டியதும் தெருவே ஓடியது, இருந்த தார்ப்பாய் நம் தெருவுக்கு மொத்தம் நாலு. கல்யாண வீட்டுப் பந்தல் துணியைக்கூட எடுத்து வந்து மூடினார்கள்.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்துவிட்டுப் போனபோது தாத்தா வைத்த பலா ஒன்றுகூட நிற்கவில்லை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. 2024-இல் ஃபெஞ்சல் புயல், அப்புறம் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர். அதெல்லாம் பேப்பரில் வரும், கணக்கெடுக்க ஆள் வருவார்கள், ஏதோ நிவாரணமும் வரும். மூட்டத்தில் கருகிய பூவுக்கு யார் வருவார்கள்? மரம் பச்சையாகத்தானே நிற்கிறது!

தானேக்குப் பிறகு விருத்தாசலத்து முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டோமே, அவை இப்போது நன்றாகக் காய்க்க வேண்டிய வயது. அதைத்தான் பெரிய மாமா பாதியை வெட்டிவிட்டுச் சவுக்கு வைத்திருக்கிறார். "பூ கருகுமோன்னு ராத்திரி முழிச்சிருக்க வேணாம் மாப்ள" என்கிறார். சித்தப்பா, இதைச் சோம்பேறித்தனம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பயிறு வேண்டும் என்றால் பண்ருட்டிக் கடையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையையும் உடைக்கிறார்கள், நம் காட்டுக் கொட்டைதான் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊர் நுழைவில் வளைவு கட்டச் சங்கத்தில் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். வளைவு இரண்டு வருஷம் கழித்து வரட்டும். ஏரிக்கரைப் புறம்போக்கில் நெல் காயவைக்க ஒரு சிமெண்டுக் களம் போட ஊராட்சியில் அனுமதி கேட்கலாம், தெருவுக்குப் பத்துத் தார்ப்பாய் வாங்கிக் கோயில் மண்டபத்தில் வைக்கலாம். கெட்டித் தார்ப்பாயாக வேண்டும், போன தடவை நாம் அனுப்பிய நீலத்தாள் ஒரே வெயிலில் கிழிந்துவிட்டது. கடலூரில் விலை விசாரிக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுகிறேன். வளைவுதான் முதலில் வேண்டும் என்பவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள்.