"நீ கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" – ஊராட்சித் தலைவருக்கு நிக்கலாமா?

கேட்டவர்: முக்கூடல் பீடிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முக்கூடல் பக்கம் கிராமம். பீடி சுத்துதேன். எங்க தெரு மகளிர் குழுவுக்கு நாந்தான் ஊக்குநர். பேங்கு லோனு, தவணை, வரவு செலவு நோட்டு எல்லாம் ரொம்ப வருசமா என் கையிலதான் இருக்கு.

எங்க ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்குன்னு ஒதுக்குனது. அடுத்த தேர்தல்ல என்னைய நிக்கச் சொல்லி குழுப் பொம்பளைய எல்லாம் கேக்காவ. வீட்டுல சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கோவப்படல, சந்தோசமாத்தான் சரின்னாவ. ஆனா கையோட சொன்ன வார்த்த இது: "நீ நில்லு. ஜெயிச்சா கையெழுத்து மட்டும் போடு. ஆபீஸு, கான்ட்ராக்டு, ஒன்றிய அதிகாரி பிடிஓ எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." மாமியா போஸ்டர்ல ரெண்டு பேரு படமும் வரணுங்காவ.

அவிய நல்ல மனுசன், குறை சொல்ல இத எழுதல. ஆனா இப்ப பதவியில இருக்க அக்காவப் பாக்கேன். ஊரே அவிய வீட்டுக்காரரத்தான் "தலைவரே"ன்னு கூப்பிடுது. குழாயில தண்ணி வரலன்னு அந்த அக்காட்ட போய்ச் சொன்னா, "அவிய வரட்டும், சொல்லுதேன்"ங்காவ. அந்த அக்கா பத்தாப்பு வரைக்கும் படிச்சவிய, விவரமான ஆளு. எனக்கும் அந்தக் கதியா?

கையெழுத்துக்கு மேல தலைவருக்கு நெசமாவே என்ன வேல? வீட்டுல சண்ட இல்லாம அத என் கையிலயே வச்சுக்கிட முடியுமா? பதவியில இருந்த அக்காமாரு யாராச்சும் சொல்லுங்க.

பதில்: பாளையங்கோட்டை தம்பி

அக்கா, தைரியமா நில்லுங்க. 2021 அக்டோபர் தேர்தல்ல நம்ம சிவந்திபட்டியில 90 வயசு பெருமாத்தாள் பாட்டி தலைவரா ஜெயிச்சாங்க. அதே தேர்தல்ல தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில சாருகலாங்கிற சின்ன வயசுப் பொண்ணு ஜெயிச்சாங்க. வயசோ படிப்போ தடையே இல்ல. ஆனா ஒண்ணு, குடும்பம் கூட நிக்காம யாரால முடியும்? அண்ணன் பாத்துக்கிடுதேன்னு சொல்றத ஒத்தாசையா எடுத்துக்கலாமே. ஆபீஸுக்கும் ஊருக்கும் அலையுற அலைச்சல் லேசில்ல.

பதில்: களக்காடு மைனி

தங்கச்சி, நான் 2011ல இருந்து 2016 வரைக்கும் களக்காட்டுப் பக்கம் ஒரு ஊராட்சிக்குத் தலைவரா இருந்தேன். நீ நில்லு. முதல்ல அதச் சொல்லிட்டு மத்தத எழுதுதேன்.

தம்பி சொன்னதுல பாதி சரி. குடும்பம் கூட நிக்கணும். ஆனா கூட நிக்கது வேற, நம்ம நாற்காலில வந்து உக்காருதது வேற.

பதவி எங்க இருக்குன்னு கேட்டா, அது மூணு சாமான்ல இருக்கு: தீர்மானப் புத்தகம், பில்லு, போன் நம்பர். ஆபீஸு சாவிய வீட்டுக்காரர் வச்சிருந்தாக்கூட சமாளிச்சிரலாம். இந்த மூணும் அவிய கைக்குப் போச்சுன்னா பதவியும் போச்சு.

பில்லு கதை சொல்லுதேன். நான் வந்த புதுசுல தெருவிளக்குக்குப் பல்பு வாங்குனதா ஒரு பில்லு வந்துச்சு. "எல்லாரும் போடுதது தான், போடுங்கம்மா"ன்னாவ. எங்க கீழத்தெரு ராத்திரி ஏழு மணிக்கே கும்மிருட்டு, பொம்பளப் புள்ளைய டியூசன் முடிஞ்சு கூட்டமாச் சேந்துதான் வரும். நான் சண்ட போடல. "இந்தப் பல்பு ஒவ்வொண்ணும் எந்தக் கம்பத்துல மாட்டுனீய? கம்ப நம்பரு எழுதித் தாங்க, பொறவு போடுதேன்"ன்னு மட்டும் சொன்னேன். கம்பத்துக்குக் கம்பம் நம்பரு எழுதித்தான இருக்கு. மறுநாளு சாயங்காலம் ஏணியத் தூக்கிட்டு ஆளு கீழத்தெருவுக்கு வந்துட்டாவ. அதுக்கப்புறம் என்ட்ட வந்த எந்தப் பல்பு பில்லும் கம்ப நம்பரு இல்லாம வந்ததில்ல. குழு நோட்டுல தவணை வரலன்னா நீ கேப்பல்லா, அதே கேள்விதான் இது. உனக்குத் தெரிஞ்ச வேல.

தீர்மானப் புத்தகத்துல வெத்துப் பக்கத்துக்குக் கீழ கையெழுத்து வாங்க வருவாவ. போடவே கூடாது. என்ன தீர்மானம், எவ்வளவு ரூவா, எந்தத் தெரு, எல்லாம் எழுதி முடிச்ச பொறவு வாசிச்சுப் பாத்துட்டுப் போடு. வாசிக்க நேரம் ஆவும். ஆவட்டும், அவிய உக்காந்திருக்கட்டும்.

போன் நம்பருதான் இப்ப ரொம்ப முக்கியம். பேங்கு, ஒன்றிய ஆபீஸு, டிஜிட்டல் கையெழுத்து எல்லாத்துக்கும் ஒரு நம்பரு கேப்பாவ. வீட்டுக்காரர் நம்பரக் குடுத்தேன்னு வச்சுக்க, ஓடிபி அவியளுக்குப் போவும், கலெக்டர் ஆபீஸுக் கூட்டத்துக்குத் தகவலும் அவியளுக்குப் போவும். நீ வீட்டுலயே உக்காந்திருப்ப. உன் பேருல ஒரு சிம்மு வாங்கு.

கிராம சபையப் பத்திச் சொல்லணும். எங்கூருல கோயில் முன்னாலதான் வழக்கமா நடக்கும். ஆம்பளைய திண்ணையில, பொம்பளைய தூரத்துல வேப்பமரத்தடியில. அடுத்த தெரு சனம் கோயிலாண்ட வரவே தயங்கும். வழிபாட்டு இடத்துல நடத்தக் கூடாதுன்னும், ஒவ்வொரு குக்கிராமமா மாத்தி மாத்தி வைக்கணும்னும் அரசாங்கமே சொல்லியிருக்கு. நான் பால்வாடி முன்னால போடச் சொன்னேன். பொம்பளைய முன்வரிசைக்கு வந்தாவ, முதக் கேள்வியே கழிப்பறைக்குத் தண்ணி ஏன் வரலன்னுதான்.

வீட்டு விசயம். நான் எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னது, "எனக்கு ஒத்தாசை வேணும், ஆனா அது ஆபீஸுக்கு வெளிய." டிவிஎஸ் எக்செல்ல என்னைய ஒன்றிய ஆபீஸுல இறக்கி விட்டுட்டு டீக்கடையில உக்காந்திருப்பாவ. கூட்ட நாள்ல சோறு வடிக்கதும் புள்ளையளக் கெளப்பி விடுததும் அவியதான். ஒரு அதிகாரி "சார வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கிடுதோம்"ன்னாரு. "சார் யாரு? நாந்தான் தலைவர், பேசுங்க"ன்னேன். எங்க அவிய வெளிய இருந்து எந்திரிச்சு வரல. அன்னைக்கு அவிய செஞ்ச ஒத்தாசை அதுதான். உன் வீட்டுக்காரர் நல்ல மனுசன்னு சொல்லுத, சொன்னா கேப்பாவ. ஜெயிச்ச பொறவு சொல்லாத, வேட்புமனு போடுததுக்கு முன்னாலயே சொல்லு.

பயமுறுத்த எழுதல, ஆனா மறைக்கவும் மனசு வரல. தாழையூத்துத் தலைவரா இருந்த கிருஷ்ணவேணியம்மாவ 2011 ஜூன்ல வெட்டுனாவ. பெண்களுக்குக் கழிப்பறை கட்டணும்னு நின்னவிய. உயிர் பிழைச்சாவ. அந்த மாதிரி மிரட்டல் வந்தா வீட்டுக்குள்ள வச்சுப் புழுங்காத. எழுத்துல போலீசுக்கும் கலெக்டருக்கும் குடு, உன் குழுப் பொம்பளைய கூடப் போங்க.

இந்த நாற்காலிய ஏன் விடக் கூடாதுன்னா, வேற இடத்துல நமக்கு யாரும் போடல. நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல அஞ்சு சட்டமன்றத் தொகுதி. 2021ல அஞ்சுலயும் ஆம்பளையதான் ஜெயிச்சாவ. மாநிலம் முழுக்க 234 பேருல பொம்பளைய 12 பேரு. சட்டமன்றத்துலயும் நாடாளுமன்றத்துலயும் மூணுல ஒரு பங்குன்னு 2023ல சட்டம் கொண்டாந்தாவ, அதையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிஞ்ச பொறவுன்னு எழுதி வச்சாவ. உள்ளாட்சியில மட்டுந்தான் 2016ல தமிழ்நாட்டுச் சட்டத்தத் திருத்திப் பாதி இடம் நமக்குன்னு வச்சது. அத வீட்டுக்காரர் கையில குடுத்துட்டா என்ன மிச்சம்?

பதில்: ஓய்வுபெற்ற ஒன்றிய ஆபீஸ் கணக்கர்

மைனி சொன்னது அத்தனையும் நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தது. ரெண்டு மூணு விசயம் சேக்கேன்.

அம்மா, காசோலையில தலைவரும் துணைத் தலைவரும் சேந்துதான் கையெழுத்துப் போடணும். துணைத் தலைவரத் தேர்ந்தெடுக்கது வார்டு உறுப்பினர்கள். அதனால நீங்க நிக்கும்போதே உங்க குழுவுல இருந்து ரெண்டு மூணு பேர வார்டுக்கு நிக்கச் சொல்லுங்க. தலைவர் மட்டும் ஜெயிச்சு, துணைத் தலைவர் எதிராளியா அமைஞ்சா தண்ணி டேங்க் ஆபரேட்டர் சம்பளம்கூட இழுபடும்.

ஊராட்சிக்கு மூணு கணக்கு. முதல் கணக்குல வீட்டு வரியும் மாநில நிதிக்குழு மானியமும் வரும். ரெண்டாவது மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும். மூணாவது திட்டப் பணம். மூணுக்கும் பாஸ்புக்க மாசாமாசம் கேட்டு வாங்கிப் பாருங்க. குழு கணக்குப் பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு வாரத்துல பிடிபட்டுரும்.

உங்க வீட்டுக்காரர்ட்ட இதையும் சொல்லுங்க: முறைகேடுன்னு வந்தா காசோலை அதிகாரத்தக் கலெக்டர் நிறுத்தி வைக்கலாம், ஊராட்சிகள் சட்டம் 205ஆவது பிரிவுல பதவியவே பறிக்கலாம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் தலைவர் பேருக்குத்தான் வரும். என் சர்வீஸ்ல அந்த நோட்டீஸக் கையில வச்சுக்கிட்டு, அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம அழுத அம்மாமார்களப் பாத்திருக்கேன். செலவு பண்ணது வேற ஆளு.

கிராம சபை வருசத்துக்கு ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவரா வர்றதுக்கு முன்னாலயே அடுத்த சபைக்குப் போய் வரவு செலவ வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. கேக்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு.

முக்கூடல் பீடிக்காரி

மைனிக்கும் அண்ணாச்சிக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பீடிக்கட்டு கட்டிக்கிட்டே வீட்டுக்காரர்ட்ட அந்த நோட்டீஸ் விசயத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பொறவு, "அப்ப நீயே படிச்சுப் பாத்துப் போடு, எனக்கு எதுக்கு வம்பு"ன்னாவ. போஸ்டரு சண்ட இன்னும் முடியல, மாமியா விடமாட்டேங்காவ. குழுவுல ரெண்டு பேரு வார்டுக்கு நிக்கச் சம்மதிச்சிருக்காவ. மனு போட என்னவெல்லாம் எடுத்து வைக்கணும்?

களக்காடு மைனி

வீட்டு வரி, தண்ணி வரி பாக்கி இருந்தா இப்பவே கட்டி ரசீத பத்திரமா வை. கடைசி நேரத்துல பாக்கின்னு சொல்லித்தான் மனுவத் தள்ளப் பாப்பாவ. போன தேர்தல்ல டெபாசிட்டு தலைவருக்கு 600 ரூவா, எஸ்.சி., எஸ்.டி.க்கு 300. வாக்காளர் பட்டியல்ல உன் பேரும் உனக்கு முன்மொழியுதவிய பேரும் எழுத்துப் பிசகாம இருக்கான்னு பாரு. கட்சிச் சின்னம் கிடையாது, தனிச் சின்னந்தான். தலைவருக்கு ரோஸ் கலரு ஓட்டுச் சீட்டு, வயசானவியளுக்கு அதச் சொல்லிக் குடு. போஸ்டருக்கு மாமியாளோட ரொம்பச் சண்ட பிடிக்காத. ரெண்டு படமும் போட்டுக்கிடட்டும், ஆனா கீழ போடுத போன் நம்பரு உன்னுதா இருக்கணும்.